துவரங்காட்டில் மூன்று கஞ்சாச் செடிகள்

செந்துறை
9-11-2023

குருநாதனுக்கு,

ஜெயிலுக்குக் கடிதாசி எழுதுறவங்க எப்படி ஆரம்பிப்பாங்கன்னு எனக்குத் தெரியலை. நலமறிய ஆவல்னு எழுதிட்டு அடிச்சுட்டேன். நீ நலமா இருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும், நான் நலமா இல்லைன்னு உனக்குத் தெரியும். விஷயத்துக்கு வரேன்.

வக்கீல் தமிழ்மாறன் நேத்து வூட்டுக்கு வந்தாரு. மொதல்லருந்து ஒண்ணு விடாம சொல்லுங்கம்மான்னு நோட்டை விரிச்சு உட்கார்ந்தாரு. சொன்னேன். எம்மவ கவிதாவுக்குக் கர்ப்பப்பையில வந்த புத்து, கரண்ட் வெச்சும் மருந்து ஏத்தியும் அடங்காம முதுகெலும்புக்கு ஏறிடுச்சு. அவ புருஷன் ஜெயசீலன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறவரு, அரியலூர் வூட்டுல பகல்ல பார்த்துக்க ஆளில்லைன்னு ஆனி மாசம் எங்கிட்டக் கொண்டாந்து விட்டாரு. அவ கத்துறதைப் பார்த்துட்டு என் தம்பி, பரம்பரை வைத்தியன், எங்க துவரங்காட்டு நடுவுல மூணு கஞ்சாச் செடி வெச்சான். அந்த இலையில லேகியம் கிண்டி அவளுக்குக் குடுத்தான். விக்கலை. வேற ஒரு ஆளுக்கும் குடுக்கலை. ஐப்பசி பத்தாந் தேதி போலீஸ் வந்து செடியைப் புடுங்கிக்கிட்டு அவனையும் ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு.

இவ்வளவும் எழுதிக்கிட்டு, "வேற ஏதாவது?"ன்னாரு. அப்பா லைசென்சைப் பத்திச் சொன்னேன். சுவத்துல மாட்டியிருந்ததைக் கண்ணாடியோட கழட்டிக்கிட்டு ஓடியாந்தேனே, இன்ஸ்பெக்டர் கையில குடுத்தேனே, நீயும் பார்த்துக்கிட்டுத்தானே நின்னே. ராசாங்கம் வைத்தியர், மருந்து செய்யறதுக்குக் கஞ்சா வெச்சுக்கலாம், 1962. சர்க்கார் முத்திரை. இன்ஸ்பெக்டரு "ரொம்ப நல்லதும்மா"ன்னு வாங்கி ஜீப்புல வெச்சாரு. சாயங்காலத்துக்குள்ள விட்டுடுவாங்கன்னு உனக்கும் சேர்த்து உலை வெச்சேன்.

வக்கீல் தலையில கையை வெச்சுக்கிட்டாரு. "ஏம்மா, செத்தவர் லைசென்சு அவரோட செத்துப் போச்சும்மா. என்ன செடின்னு தெரியாதுன்னு இனிமே உங்க தம்பி வாயத் தொறக்க முடியாது. பரம்பரையாத் தெரியும்னு நீங்களே சாட்சி குடுத்துட்டீங்க"ங்கிறாரு. நான் பட்டா மாதிரி நெனச்சேன்டா. அப்பனுக்கப்புறம் மவனுக்கு வரும்னு நெனச்சேன்.

நீயும் லேசுப்பட்டவனா? யாரு காடுன்னுதான் இன்ஸ்பெக்டர் கேட்டாரு. செடி என்னதுன்னு முந்திக்கிட்டுச் சொன்னே. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ற பழக்கம் உனக்கு எந்தக் காலத்துல இருந்துச்சு?

பெரிய ஜாடியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. கேழ்வரகு மாவுக்குள்ள நீ பொதைச்சு வெச்ச சின்ன டப்பா மட்டும் இருக்கு. பதினோரு உருண்டை. எவ்வளவு குடுக்கணும், எத்தனை வேளைன்னு உடனே எழுது.

யாரு போலீசுக்குச் சொல்லியிருப்பாங்கன்னு ஊரே கேக்குது. எனக்கென்ன தெரியும்.

அக்கா
லீலாவதி

---

மத்திய சிறை, திருச்சி
20-11-2023

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே வர்ற கடிதம் போற கடிதம் எல்லாத்தையும் ஒரு சார் பிரிச்சுப் படிப்பார். அதைத் தெரிஞ்சுக்காம மாவு டப்பா வரைக்கும் எழுதியிருக்கே. படிக்கிற சாருக்கு என் வணக்கம். சார், அது இஞ்சி லேகியம்.

அந்த இஞ்சி லேகியத்தை சாயங்காலம் பாதி உருண்டை, சூடான பால்ல கரைச்சுக் குடு. ரொம்ப முடியாத அன்னைக்கு முழுசு. அதுக்கு மேல வேண்டாம்.

முதல் நாள் இங்கே ஒருத்தன் கேட்டான், "பெருசு, என்ன கேசு?" கஞ்சா கேசுன்னேன். "எத்தனை கிலோ?" மூணு செடின்னேன். பிளாக்கே சிரிச்சது. இப்ப என் பேரு மூணுசெடி வைத்தியர். ஒருத்தன் மூட்டுவலிக்கு மருந்து கேக்குறான், இன்னொருத்தன் பொண்டாட்டி திரும்பி வர்றதுக்கு மருந்து கேக்குறான்.

நான் சும்மா இருக்கலை. ஜட்ஜ் ஐயா படிக்கட்டும்னு இந்தச் செடியோட சரித்திரத்தை எழுதிக்கிட்டு வரேன். பதினெட்டுப் பக்கம் ஆச்சு. சித்தர் வழியில இதுக்குக் கோரக்கர் மூலின்னு பேரு. பால்ல வேகவெச்சு, பல தண்ணி மாத்தி அலசி, நஞ்சை முறிச்ச பிறகுதான் மருந்துல சேரும். வெள்ளைக்காரன் இதைப் பார்த்துப் பயப்படலை. கல்கத்தாவுல இருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் இழுப்புக்கும் வலிக்கும் குடுத்துப் பார்த்து எழுதினப்புறம் சீமை மருந்துக்கடையிலயே பாட்டில்ல வித்தாங்க. பிறகு நூத்தி முப்பது வருசத்துக்கு முன்னாடி ஒரு கமிஷன் போட்டு, ஆயிரத்துக்கு மேல சாட்சி விசாரிச்சான். வைத்தியனைக் கேட்டான், ஜெயில் அதிகாரியைக் கேட்டான், சாமியாரைக் கேட்டான். அளவா இருந்தா பெரிய கெடுதல் இல்லை, தடை வேண்டாம், லைசென்சு குடுத்து வரி போடுன்னு முடிச்சான். நம்ம அப்பா லைசென்சு அந்த வழியில வந்ததுதான். இதை எல்லாம் கேட்டா எந்த ஜட்ஜுக்கும் மனசு இளகும்.

பரண்மேல தகரப் பெட்டியில அப்பா வைத்தியக் கணக்கு எழுதி வெச்ச கட்டுநோட்டு இருக்கு. அதை வக்கீல் கையில குடுத்து விடு.

போலீசுக்குச் சொன்னது யாருன்னு கேட்டிருந்தே. எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெயசீலன்தான். ஆயுத பூசைக்கு லாரியைக் கழுவி நிறுத்திட்டு வந்து, "எம் பொண்டாட்டிக்குக் கஞ்சாவாய்யா குடுக்குறே? நீ வைத்தியனா, வியாபாரியா?"ன்னு தெருவே கேக்கக் கத்தினாரே. நாலாம் நாள் ஜீப்பு வருது. வேற யாரு?

என்னைப் பார்க்க மனுப் போட்டு வராதே. கவிதாவை விட்டு நகராதே.

குருநாதன்

---

செந்துறை
8-12-2023

குருநாதனுக்கு,

உன் கடிதாசியைப் போஸ்ட்மேன் டீக்கடையில வெச்சுக் குடுத்தாரு. நம்ம பெரியப்பா மவன் அசோக் எங்கையிலருந்து புடுங்கிப் படிச்சுட்டான். படிச்சவன் வாயை மூடிக்கிட்டு இருந்தானா? ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை கவிதாவுக்குத் திராட்சை வாங்கிக்கிட்டு வந்தாரு. பஸ்ஸை விட்டு எறங்குனவரை, "காட்டிக்குடுத்த நாயி, எந்த மூஞ்சியோடடா வர்றே"ன்னு கேட்டு அறைஞ்சுட்டான். மாப்பிள்ளை தடுக்கக்கூட இல்லை. திராட்சை பூரா ரோட்டுல.

வூட்டுக்கு வந்து எம்முன்னாடி நின்னாரு. "அத்தை, நீங்களும் அப்படித்தான் நெனக்கிறீங்களா?"ன்னாரு.

நான் மாட்டை அவுத்துக் கட்டப் போயிட்டேன்.

அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கவிதா பக்கத்துல உட்கார்ந்திருந்துட்டு பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு. அதுக்கப்புறம் வரலை. போன் பண்ணினா மவ தென்றல்கிட்ட மட்டும் பேசுறாரு. அவளும் ஒம்பதாவது படிக்கிற பொண்ணு, என்ன சொல்லுவா. "அப்பா லோடு போயிருக்காங்கம்மா"ன்னு அவ அம்மாகிட்டப் பொய் சொல்லப் பழகிட்டா.

உருண்டை கார்த்திகைப் பத்தோட தீர்ந்து போச்சு. உன் பதில் வர்ற வரைக்கும் பொறுக்க முடியாம நானாவே பாதி பாதியாக் குடுத்தேன், ரொம்பக் கத்தின நாள்ல முழுசு. இப்ப ஒண்ணும் இல்லை. மொத ரெண்டு நாள் கத்தினா. இப்பக் கத்துறதில்லை. முந்தானையை வாயில வெச்சுக் கடிச்சுக்குறா, தென்றலுக்குக் கேக்கக்கூடாதுன்னு. மூணு முந்தானை கிழிஞ்சு போச்சு. மாமா எப்ப வருவாங்கன்னு கேக்குறா. வந்துடுவான்டின்னு சொல்றேன்.

பதினெட்டுப் பக்கம் எழுதிட்டேங்கிறே. வெள்ளைக்காரன் ஆயிரம் பேரைக் கேட்டான்ங்கிறே. எம்மவளால ஒருக்களிச்சுப் படுக்க முடியலை. அதை எந்தக் கமிஷன்ல போய்ச் சொல்றது? செடிக்குச் சரித்திரம் இருந்தா இருந்துட்டுப் போவட்டும். வலிக்கு என்ன செய்யறதுன்னு ரெண்டு வரி எழுது.

கட்டுநோட்டு குடுக்க மாட்டேன். ஏன்னு கேட்காதே.

அக்கா

---

மத்திய சிறை, திருச்சி
20-12-2023

அக்காவுக்கு,

ஜாமீன் தள்ளுபடி ஆயிடுச்சு. விசாரணை முடியலைன்னு போலீஸ் தரப்புல சொன்னாங்களாம். தை பிறந்ததும் மறுபடி போடுறேன்னு வக்கீல் சொல்லியிருக்கார். அதுவரைக்கும் கவிதாவைப் பொறுத்துக்கச் சொல்லு. வெந்நீர் ஒத்தடம் குடு. முதுகுக்குக் கீழே பழைய பஞ்சை மடிச்சு வை. நொச்சித் தழையை வதக்கிக் கட்டு. இதெல்லாம் கால்வாசிதான் கேட்கும், எனக்கும் தெரியும்.

அசோக் அடிச்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு மனுசன் பொண்டாட்டியோட மருந்தைப் போலீசுல காட்டிக் குடுத்திருக்கான். ஒரு அறையோட விட்டானேன்னு சந்தோசப்பட்டுக்கோ. நீ பேசாம போனதும் சரிதான்.

அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடாதே. கடைசிக் கட்டத்துல அவங்க மயக்க மருந்து குடுத்துப் பொணமாட்டம் படுக்க வெப்பாங்க. நம்ம பொண்ணு நம்மளைப் பார்த்துப் பேசிக்கிட்டு இருக்கட்டும்.

நீ என்ன திட்டினாலும் நான் எழுதறதை நிறுத்த மாட்டேன். ஏன்னா தப்பு எங்கே நடந்ததுன்னு கண்டுபிடிச்சுட்டேன். 1961-ல உலக நாடெல்லாம் கூடி ஒப்பந்தம் போட்டாங்க. மருந்துக்கு இல்லாத கஞ்சாவை இருபத்தஞ்சு வருசத்துல நிறுத்திக்கணும்னு. மருந்துக்கு இல்லாததை. அதைக் கவனி. பிறகு 1985-ல நம்ம நாட்டுச் சட்டம் வந்தது. கவிதா பொறந்த அதே வருசம். மருந்துக்குன்னு அதுல ஒரு சந்து விட்டிருக்கு, ஆனா கையில காகிதம் இருந்தாத்தான் அதுல நுழைய முடியும். ஓலைக் குடிசையில உட்கார்ந்து மருந்து அரைக்கிறவன் எந்த ஆபீசுக்குப் போய் அந்தக் காகிதத்தை வாங்குவான்? இதைத்தான் ஜட்ஜ் ஐயாகிட்டக் கேக்கப் போறேன்.

ஆனா சங்கிலியில ஒரு கண்ணி விட்டுப் போவுது. அப்பா லைசென்சு 1968-லயே நின்னு போச்சு. சட்டம் வர்றதுக்குப் பதினேழு வருசம் முன்னாடி. சர்க்கார் அதை ஏன் புடுங்குச்சுன்னு தேதியோட வேணும். அது அந்தக் கட்டுநோட்டுலதான் இருக்கும். குடுக்க மாட்டேன்னா என்ன அர்த்தம்? உனக்கு நான் வெளியே வரணுமா வேண்டாமா?

குருநாதன்

---

செந்துறை
2-1-2024

தம்பி,

இதை யாரு பிரிச்சுப் படிச்சாலும் படிக்கட்டும். சாரு, நீங்களும் படிங்க.

சர்க்கார் புடுங்கலைடா. அப்பாவாத்தான் விட்டுட்டாரு. அந்தக் கட்டுநோட்டுல அதைத்தான் எழுதி வெச்சிருக்காரு.

உனக்கு அப்ப ஏழு வயசு. அம்மா காய்ச்சல்ல செத்துப் போச்சுன்னு உங்கிட்டச் சொன்னோம். காய்ச்சல் இல்லை. வயித்து வலி. வலது பக்கம் அடிவயித்தைப் புடிச்சுக்கிட்டு அம்மா தரையில உருண்டுச்சு. அப்பா லேகியம் குடுத்தாரு. வலி நின்னுச்சு. அம்மா எழுந்து உட்கார்ந்து சிரிச்சுச்சு. "எங்கப்பன் எனக்கு ஒண்ணும் செய்யலை, ஒரு நல்ல வைத்தியனாப் பார்த்துக் கட்டிவெச்சான்"னு சொல்லிச் சிரிச்சுச்சு. நான் பக்கத்துல உட்கார்ந்து ஈரு பேன் எடுத்தேன். மூணாம் நாள் வயிறு பலகை மாதிரி ஆயிடுச்சு. மாட்டு வண்டியில அரியலூருக்குக் கொண்டுபோனோம். டாக்டரு தொட்டுப் பார்த்துட்டு அப்பாவைக் கேட்டாரு, "உள்ள வெடிச்சு ரெண்டு நாளாவுது. இந்த அம்மாவுக்கு வலிக்கவே இல்லையா?"

 அந்த வருசம் அப்பா லைசென்சைப் புதுப்பிக்கலை. கழட்டிப் பரண்ல போட்டாரு. நீதான் பெரியவனானதும் தேடி எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டினே. உன் சந்தோசத்தைப் பார்த்து நான் ஒண்ணும் சொல்லலை. அம்மா போன மறு வாரம் என்னைப் பள்ளிக்கூடத்துலருந்து நிறுத்துனாங்க. அஞ்சாவது. உனக்குச் சோறு பொங்க ஆளு வேணும்ல.

இப்ப நான் சொல்லப் போறதைக் கேளு. புரட்டாசியில கவிதா சிரிச்சா. ஆறு மாசம் சிரிக்காதவ, உன் உருண்டையைச் சாப்பிட்டுட்டு எழுந்து உட்கார்ந்து தென்றலுக்குத் தலை பின்னி விட்டா. எல்லாரும் சந்தோசப்பட்டீங்க. என்னால முடியலை. அம்மா சிரிச்ச மாதிரியே சிரிச்சாடா. உள்ள என்னமோ வெடிச்சுக்கிட்டு இருக்கு, நம்மளுக்குத் தெரியாம போவப் போவுதுன்னு நெனச்சேன். உங்கிட்டச் சொன்னேன், நிறுத்துடான்னு. "அஞ்சாவது படிச்சவளுக்கு வைத்தியம் தெரியுமா"ன்னு கேட்டே. ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு.

ஆயுத பூசை லீவு முடிஞ்சு தொறந்த அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல போதை விழிப்புணர்வுக் கூட்டம் போட்டாங்க. பிரவீணான்னு ஒரு போலீஸ்காரப் பொண்ணு பேசுச்சு. நல்ல பொண்ணு. கூட்டம் முடிஞ்சதும் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். "என் காட்டுல மூணு செடி இருக்கு, வந்து புடுங்கிக்கிட்டுப் போங்க. என் தம்பியை ஒண்ணும் செய்ய முடியாது, அவன்கிட்ட லைசென்சு இருக்கு"ன்னேன். ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்கன்னாங்க. அங்க ரேகை வைக்க மையை எடுத்து நீட்டுனாங்க. தள்ளி விட்டேன். எனக்குப் படிக்கத் தெரியும்னேன். ஒவ்வொரு வரியாப் படிச்சுட்டு, என் பேருல கால் விட்டுப் போயிருந்ததைக் கூடத் திருத்திட்டு, கையெழுத்துப் போட்டேன். எழுத்து எல்லாம் படிச்சேன்டா. அந்தச் சட்ட நம்பருக்கு உள்ள பத்து வருசம் உட்கார்ந்திருக்கும்னு எந்த வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க எனக்கு?

செடிதான் போவும், நீ இருப்பேன்னு நெனச்சேன்.

நேத்து டீக்கடைக்குப் போயி நின்னு எல்லார் முன்னாடியும் அசோக்கிட்டச் சொல்லிட்டேன், சொன்னது நான்தான், மாப்பிள்ளை இல்லைன்னு. அவன் டீயைக் கீழ ஊத்திட்டுப் போயிட்டான். அப்புறம் மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினேன்.  லாரி சத்தம் மட்டும் கேட்டுச்சு. "வரேன் அத்தை"ன்னு சொன்னாரு. வந்துட்டாரு.

நீ என்ன வேணா எழுது. ஆனா கவிதாவுக்கு வலிக்கு வழி சொல்லிட்டு எழுது.

லீலாவதி

---

செந்துறை
17-1-2024

குருநாதனுக்கு,

ரெண்டு வாரமா உங்கிட்டருந்து ஒரு வரி இல்லை. வக்கீலைக் கேட்டா, "சுகமாத்தான் இருக்காரு, பேச மாட்டேங்கிறாரு"ன்னு சொல்றாரு.

பொங்கல் வைக்கலை. காட்டுல துவரை வெடிச்சுத் தரையில கொட்டுது. கொய்ய யாரும் கூலிக்கு வர மாட்டேங்கிறாங்க, போலீஸ் கயிறு கட்டின காடாம். கவிதா கஞ்சி குடிக்கிறதையும் விட்டுட்டா. திருப்பிப் போடலாம்னு தொட்டா, "தொடாதம்மா, தொடாதம்மா"ங்குறா. பெத்த கையைத் தொடாதேங்குறா. மாப்பிள்ளை வாசல்ல போய் உட்கார்ந்துக்குறாரு.

திட்டியாவது ஒரு கார்டு போடு.

அக்கா

---

மத்திய சிறை, திருச்சி
24-1-2024

அக்கா,

மன்னிச்சுட்டேன்னு எழுத மாட்டேன். பொய்யா இருக்கும். மூணு நாள் உன் கடிதத்தைச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன், கிழிக்கவும் முடியலை. அம்மாவைப் பத்தி இத்தனை வருசம் ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்கே. சொல்லியிருந்தா நான் இந்தத் தொழிலைத் தொட்டிருப்பேனா?

அது கிடக்கட்டும். நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன். உன்னைக் கரிச்சுக் கொட்டத்தான் காகிதத்தை எடுத்தேன். ஒரு வரி எழுதினதும் கை நின்னு போச்சு. ஏன்னா உன்னோடதை விட என்னோடது பெருசு.

செப்டம்பர்ல ஜெயசீலன் லோடு போயிருந்தப்ப நான்தான் கவிதாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன், ஞாபகம் இருக்கா? அவளை வெளியே பெஞ்சுல படுக்க வெச்சுட்டு நான் மட்டும் உள்ளே போனேன். வலிக்குன்னே தனியா ஒரு டாக்டரம்மா இருந்தாங்க. "இனிமே நோய் குறையாது, ஆனா வலிக்க வேண்டியதில்லை. மார்பின் மாத்திரை எழுதியிருக்கேன், மருந்து ரூம்ல வாங்கிக்குங்க, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வாங்க"ன்னு சீட்டு குடுத்தாங்க. நான் மருந்து ரூம் பக்கமே போகலை. கவிதாகிட்ட, அங்கே ஒண்ணும் குடுக்கலைன்னு சொன்னேன். அந்த வாரம்தான் என் செடி பறிக்கிற பதத்துக்கு வந்திருந்தது. என் மருந்து கேக்குதான்னு பார்க்கணும்னு இருந்தது. அவங்க மாத்திரையோட கலந்தா எதால குணம்னு தெரியாம போயிடும். அதான் உண்மை. பொணமாட்டம் படுக்க வெப்பாங்கன்னு உனக்கு எழுதினது பொய்.

என் லேகியம் அவளுக்கு உதவுச்சு. அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா அது தீர்ந்தப்புறமும் நான் வாயைத் தொறக்கலையே. டிசம்பர்ல நீ ரெண்டு வரி கேட்டப்ப அந்தச் சீட்டைப் பத்தி எழுதியிருக்கலாம். பதிலா 1961-ஐப் பத்தி எழுதினேன்.

மார்பினும் செடிப்பால்தான் அக்கா. கசகசாச் செடி. ரெண்டுமே ஒரே சட்டத்துல இருக்கு. அது காகிதம் வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குள்ள போயிடுச்சு. என்னோடது உன் துவரைக்குள்ள ஒளிஞ்சுது. சரித்திரத்துல இதை மட்டும் நான் எழுதலை. நாப்பத்தோரு பக்கத்தையும் நேத்து வக்கீல்கிட்டக் குடுத்து, கோர்ட்டுல போட வேண்டாம்னு சொல்லிட்டேன்.

சீட்டு என் பெட்டியில பாம்புப் பஞ்சாங்கத்துக்குள்ள இருக்கு. இந்தக் கடிதம் கிடைச்ச நிமிசம் ஜெயசீலனை அழைச்சுக்கிட்டுப் போ. வண்டி பிடிச்சு, கவிதாவைப் பின் சீட்டுல படுக்க வெச்சு, திருமானூர் வழியாப் போ. மேடு பள்ளம் கம்மி.

குருநாதன்

---

செந்துறை
16-2-2024

தம்பி,

உன் கடிதாசி 29-ந் தேதி வந்துச்சு. மறுநாள் விடியறதுக்குள்ள கெளம்பிட்டோம். கொள்ளிடப் பாலத்துல வண்டி ஏறுறப்ப அவ போட்ட சத்தத்துல டிரைவர் நிறுத்திட்டு எறங்கிட்டாரு. மாப்பிள்ளைதான் மீதி தூரம் ஓட்டினாரு, நடக்குற வேகத்துல. அதே டாக்டரம்மா இருந்தாங்க. சீட்டைப் பார்த்துட்டு, "செப்டம்பர்லயே எழுதினேனே"ன்னாங்க.  புதுசா எழுதிக் குடுத்தாங்க. மாத்திரையைப் பார்த்தா மொளகு தண்டிகூட இல்லை.

அன்னைக்கு சாயங்காலம் அவ தூங்கினா. மூச்சு விடுதான்னு நான் மூக்குல விரல் வெச்சு வெச்சுப் பார்த்தேன். மறுநாள் கஞ்சி குடிச்சா. மூணாம் நாள், "கஞ்சியில உப்பு போட மறந்துட்டியா, இல்லை ஜெயில்ல இருக்குற தம்பி ஞாபகமா"ன்னு கேட்டா. தென்றலை மடியில படுக்க வெச்சுக்கிட்டா. மாப்பிள்ளைகிட்ட, லாரி எண்ணெய் நாத்தத்தோட பக்கத்துல வராதேன்னு சண்டை போட்டா. ரெண்டு கையாலயும் நான் அவளைத் தொட்டேன்.

ஒம்பது நாள். தை இருபத்தஞ்சு வியாழக்கிழமை, பகல் பதினோரு மணிக்குப் போயிட்டா. கத்தாமப் போனா.

உன்னை விடச் சொல்லி வக்கீல் மனு எழுதுறதுக்குள்ள எடுக்க வேண்டியதாயிடுச்சு. பொறந்த வூட்டுக் கோடியைத் தாய்மாமன்தானே போடணும். நீ இல்லை. அசோக்கை வரச் சொல்லி ஆள் விட்டேன், காட்டிக்குடுத்தவ வூட்டு வாசலை மிதிக்க மாட்டேன்னுட்டான்.  நானே கோடிச் சேலையை எடுத்துப் போட்டேன். பெத்தவ போடலாமா, பொம்பளை போடலாமான்னு நாலு பேரு கேட்டாங்க. "தாய்மாமனை அனுப்பி வெச்சது நானு, அவன் வேலையையும் நான்தான் பார்க்கணும்"னேன்.

கோர்ட்டுலருந்து சம்மன் வந்திருக்கு. பங்குனி மாசம். நான்தான் மொத சாட்சி. செடி நான் வெச்சது, என் காடு, அவனுக்குத் தெரியாதுன்னு சொல்லிடட்டுமா? வக்கீல் கூடாதுங்கிறாரு. நீ சொன்னா சொல்றேன். எனக்கு இனிமே வெளியில என்ன வேலை?

அக்கா

---

மத்திய சிறை, திருச்சி
28-2-2024

அக்கா,

பிளாக்குல எல்லாருக்கும் தெரியும். மூட்டுவலிக்காரன் என் தட்டுலருந்து சோத்தை எடுத்து ஊட்டப் பார்த்தான். அன்னைக்கு நான் சாப்பிடலை.

அந்தப் பொய்யைச் சொல்லாதே. சொன்னா அந்த இடத்துலயே எழுந்து, செடி என்னதுன்னு மறுபடி முந்திக்குவேன். என் பழக்கம் உனக்குத் தெரியும். உனக்கு வெளியே வேலை இருக்கு, தென்றல் இருக்கா. கேட்டதுக்கு நடந்ததைச் சொல்லு. எத்தனை வருசம் குடுத்தாலும் இருந்துட்டு வரேன்.

ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும். உன் கடிதத்துல எல்லாம் எழுதியிருக்கே. உப்பு, கஞ்சி, லாரி எண்ணெய். சீட்டைப் பத்தித் தெரிஞ்சப்ப கவிதா என்ன சொன்னா? அதை மட்டும் விட்டுட்டே. நீ விட்டா காரணம் இருக்கும். இருந்தாலும் எழுது. மறைக்காதே. நாம மறைச்சது போதும்.

குருநாதன்

---

செந்துறை
9-3-2024

குருநாதனுக்கு,

கேட்டுட்டே. எழுதுறேன்.

உன் பெட்டியை மாப்பிள்ளை தொறந்து பஞ்சாங்கத்தைப் புரட்டுறப்ப அவ கட்டில்ல கெடந்து பார்த்துக்கிட்டே இருந்தா. "என்னங்க அது, குடுங்க"ன்னு கையை நீட்டினா. மறைக்க நெனச்சாரு, முடியலை. சீட்டுல என்ன மருந்துன்னு அவ பார்க்கலை. தேதியைப் பார்த்தா. பதினாலு, செப்டம்பர்.

"மாமா வெச்சிருந்தாங்களா?"ன்னு கேட்டா. ஆமான்னேன்.

நல்லதுக்குத்தான்டி செஞ்சான்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லலை. அவ முன்னாடி அப்படிச் சொல்ற யோக்கியதை எனக்கும் இல்லை.

உன்னைத் திட்டலை. ஒரு வார்த்தை பேசலை. வலது கையை எடுத்து நெஞ்சுமேல வெச்சுக்கிட்டு ஒவ்வொரு விரலா மடக்கினா. அக்டோபர். நவம்பர். டிசம்பர். ஜனவரி. உதடு மட்டும் அசைஞ்சுது. நாலு விரலும் மடங்கினப்புறம் அந்தக் கையை அவ விரிக்கவே இல்லை. தஞ்சாவூர் போற வரைக்கும் அப்படியேதான் வெச்சிருந்தா. மாத்திரையில வலி அடங்கி அவ தூங்கினதுக்கப்புறம் நான்தான் மெதுவா விரிச்சு விட்டேன்.

லீலாவதி